கடலோரக் குப்பத்தில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லோரும் அக்காவின் நல்ல குணங்களை அறிந்தவர்கள். நீங்கள் அறியாத ஒன்றையும் நான் எழுத வேண்டியிருக்கிறது. "எனக்கு மலர் கிலர் போட்டீங்கன்னா நல்லவ, நல்லவன்னே எழுதி வெக்காதீங்கடா. அதையும் எழுது" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அக்காவே சொன்னார். தம்பியாகிய எனக்குக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அக்கா ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவுக்குக் கண் மங்கியதும், குடும்பத்துக்கு ஒரு சம்பளம் வேண்டுமென்று நர்சு பயிற்சிக்குப் போனார். தொண்ணூறுகளின் நடுவில் கிராம சுகாதார செவிலியராக வேலை கிடைத்தது. போட்ட ஊர், மரக்காணத்துக்கு அப்பால் ஒரு சிறு மீனவக் குப்பம்.

வந்தவாசி, திண்டிவனம் என்று பஸ் மாறி மாறி நானும் அம்மாவும் முதல் தடவை போனபோது சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டினால் உப்பங்கழி முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பறவைகள். "குடுத்து வெச்சவ நீ" என்றேன்.

"ரெண்டு நாள் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும். இந்த உப்புத் தண்ணியில சோறாக்கிப் பாரு, அப்போ தெரியும்" என்றார் அக்கா. மாறுதல் கேட்டு மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அடுத்த ஆண்டு சித்தப்பா மகள் கல்யாணத்துக்காக ஆரணி வந்தார். அப்போது குப்பத்தில் மல்லிகா என்ற பெண்ணுக்கு நிறைமாதம். முதல் பிரசவம். "ஞாயித்துக்கிழமை வந்துடறேன், பயப்படாதே" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் அக்கா கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஒரே சிரிப்பும் பேச்சும். அதை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் போக அக்காவுக்கு மனம் வரவில்லை. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, கடுமையான ஜுரம், ஒரு நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஜுரம் எதுவும் இல்லை. அன்று மாலை சித்தப்பா பெண்களோடு சினிமாவுக்குப் போனார்.

அதே இரவில் மல்லிகாவுக்கு வலி எடுத்தது. நர்சம்மா இதோ வந்துவிடுவார் என்று குப்பத்தில் காத்திருந்திருக்கிறார்கள். ஜுரம் என்ற சேதி தெரிந்த பிறகுதான் மீன் வண்டியைப் பிடித்துக் கிளம்பினார்கள். பிள்ளை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. வழியிலேயே பிறந்தது. உயிர் இல்லை.

மறுநாள் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரே வந்தவர் மல்லிகாவின் மாமியார். அக்காவின் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, "ஜுரம் வுட்டுச்சா கண்ணு? உடம்பப் பாத்துக்கக் கூடாதா நீ?" என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாராம். அதற்குப் பிறகுதான் பிள்ளை போன சேதியைச் சொல்லி அழுதார். சாயங்காலம் அந்த வீட்டிலிருந்தே அக்காவுக்குக் கஞ்சி வந்தது.

"குடிச்சேன்டா. அந்தக் கஞ்சிய வாங்கிக் குடிச்சேன். நான் இருந்திருந்தா புள்ள பொழச்சிருக்குமான்னு தெரியாது. முன்னாடியே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அது தெரியும்" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொன்னார் அக்கா.

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் தேவிகாபுரம் பக்கம் மாறுதல் வந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். அக்கா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "இவளோட ஒரே பேஜாராப் போச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். பெண் பார்க்க வந்தவர்கள், ஆரணிக்கு வருவதென்றால் பேசலாம் என்றார்கள். அக்கா வரவில்லை. அங்கே என்ன இருக்கிறதோ, யார் இருக்கிறார்களோ என்று நம்மிலேயே சிலர் பேசியதும் அவர் காதுக்குப் போனது.

மல்லிகாவின் அடுத்த இரண்டு பிள்ளைகளும் நல்லபடியாகப் பிறந்தார்கள். ஒவ்வொரு முறையும் மாதக்கணக்கில் அக்கா ஆரணிப் பக்கமே வரவில்லை. கடல் ஊருக்குள் புகுந்த அந்த டிசம்பரில் தங்கியிருந்த வீடு போனது. அப்போதும் அங்கேயே கொட்டகையில் இருந்தார். ஊரார் பாராட்டுக் கூட்டம் வைத்தபோது சால்வையை வாங்கிக்கொள்ளாமல் எழுந்து போய்விட்டார். அக்காவுக்கு எவ்வளவு அடக்கம் என்று நாங்கள் பெருமையடித்துக்கொண்டோம். அது அடக்கம் இல்லை, வெட்கம்.

சிறுநீரகம் கெட்டு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்களைவிட அதிக நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் மல்லிகாதான். ஒரு நாள் நான் அருகில் இருக்கும்போதே அக்கா அவரிடம் சொன்னார்: "மல்லிகா, அன்னிக்கு எனக்கு ஜுரம் இல்ல. பொய் சொன்னேன். சினிமாவுக்குப் போனேன்."

மல்லிகா எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "வர மாட்டா. வரவும் வேணாம்" என்றார்.

அதற்கும் மறுநாள் காலையில் மல்லிகா வந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "நீங்க பண்ணது தப்புதான் நர்சம்மா. இல்லன்னு சொல்ல என்னால முடியாது" என்றார். பிறகு சீப்பை எடுத்து, "கொஞ்சம் தலையத் தூக்குங்க. சிக்கு வுழுந்து கெடக்குது" என்று அக்காவின் தலையை வாரத் தொடங்கினார். அக்கா அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அந்த வாரக் கடைசியில் அக்காவின் உயிர் பிரிந்தது.

அக்காவை ஆரணிக்குக் கொண்டுவராமல் குப்பத்திலேயே தகனம் செய்ததில் உங்களில் பலருக்கு என்மேல் வருத்தம். அவர் விருப்பப்படியே செய்தேன். பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தனை தூரம் வந்து துணை நின்ற உறவினர்களுக்கும், மருத்துவர்களுக்கும், குப்பத்து மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மல்லிகாவுக்கு இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவருக்குப் படிக்கத் தெரியாது, முழுவதும் படித்துக் காட்டச் சொல்வார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிப் படிக்கப்போகிறேன் என்று தெரியவில்லை.