கை மாறிப் போன கார்டு

இன்று காலை படப்பையில் என் வண்டியில் ஏறிய பெண்ணின் கழுத்தில் புது அடையாள அட்டை. அந்த நாடாவின் பிளாஸ்டிக் வாசனை முன்சீட்டு வரை வந்தது. எனக்குச் செல்வியின் நினைவு வந்துவிட்டது.

அப்போது நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் ஜங்ஷன் வரை ஷேர் ஆட்டோ ஓட்டினேன். அதற்கு மேல் போனால் அடுத்த ஸ்டாண்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். மறந்த டிபன், தைத்த சட்டை எதுவானாலும் ஜங்ஷனில் கை மாற்றிவிடுவோம். ஒருமுறை கருவாட்டுக் குழம்புகூட மூன்று வண்டி மாறிப் போய்ச் சேர்ந்தது. பயணிகள் பாடுதான் திண்டாட்டம்.

செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தினமும் என் வண்டியில்தான் வருவாள். ஒருநாள் அவளோடு அறையில் தங்கியிருந்த மாரி, செல்வியின் அடையாள கார்டோடு ஸ்டாண்டுக்கு ஓடிவந்தாள்.

"அண்ணே, செல்விக்கு இன்னைக்குப் பெர்மனென்ட் ஆக்குத டெஸ்ட். கார்ட மறந்துட்டுப் போயிட்டா. இது இல்லாம உள்ள விட மாட்டாவ."

மாரியின் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெண்பிள்ளைகளிடம் எனக்குப் பேச்சு வராது. தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன்.

ஜங்ஷனில் அடுத்த ஸ்டாண்டு டிரைவர் கன்னியப்பனிடம் கொடுத்தேன். வல்லம் வடகால் கம்பெனி என்றதும், "நம்ம ஏழுமல அந்தாண்டதான் போறான், நீ கெளம்பு நைனா" என்றான். கம்பெனிக்குக் கிட்டத்தில் போகிறவனிடம் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம். வாசல் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்டதில்லை.

ஏழுமலை தன் வண்டியில் வல்லம் வடகால் ஊர்க் கடைசி வரை போனான். எதிரே கம்பெனியின் கொட்டகை தெரிந்தது. நடுவில் நீளமான மதில். வாசல் மதிலுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீபெரும்புதூர் சாலையில், வேறு ஸ்டாண்டின் எல்லையில். ஜங்ஷனில் எதிர்த்திசையில் புறப்பட்ட வண்டியிடம் கொடுத்திருந்தால் நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும். எங்கள் கண்ணுக்கு அது விலகிப் போகிற வண்டி. ஏழுமலையிடம் செல்வியின் நம்பர் இல்லை. அது மாரியிடம் இருந்தது. மாரியின் நம்பர் எங்களில் ஒருவரிடமும் இல்லை. கார்டு ஜங்ஷனுக்கே திரும்பி வந்தபோது டெஸ்ட் தொடங்கிவிட்டது.

"கம்பெனி கண்ணெதிர்க்கதான் கீது. செவுரு ஏறியா குதிக்கறது?" என்று கேட்டான் ஏழுமலை. அவனைக் குறை சொல்ல முடியுமா?

சாயங்காலம் செல்வி என் வண்டியில் ஏறினாள். கார்டை நீட்டினேன். "இனி எதுக்குண்ணே" என்றாள். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். மறுபடி அவளை டெஸ்டுக்குக் கூப்பிடவில்லை. கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது போன் வழி காட்டுகிறது. எந்தக் கம்பெனியானாலும் வாசலிலேயே போய் நிற்கிறேன். யாரும் யாரிடமும் எதையும் கொடுத்தனுப்புவதில்லை. ஒரகடம் ஜங்ஷனில் நிற்கிற டிரைவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.