கலாராணியின் மூன்று சில்லு

கலாராணிக்கு இடது கால் முழங்காலுக்கு மேலேயே இல்லை. 2009ஆம் ஆண்டு மாசி மாதம், மாத்தளன் பக்கம், பதுங்குகுழிக்குள் இறங்குவதற்குச் சற்று முன்னர் அது போனது. யாராவது கேட்டால் இந்த ஒரு வசனத்தோடு நிறுத்திக்கொள்வார். மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்டால் மட்டும் அடுப்பில் உலை கொதிப்பதையும் மறந்து பேசுவார்.

அது சிவப்பு நிற எம்.டி. 90. வடக்கில் எந்த ஒழுங்கையிலும் காணக்கூடிய வண்டிதான். இடம்பெயர்வதற்கு முன்னர் அவர் மிருக வைத்தியர் கந்தோரில் உதவியாளராக இருந்தார். மாடுகளுக்கு ஊசி போட ஊர் ஊராகப் போய்வந்தது அந்த வண்டியில். யுத்தம் முடிந்த பிறகு, கைவிடப்பட்ட வாகனங்களை இராணுவம் குவித்து வைத்திருந்த இடத்துக்குப் போய், இலக்கத் தகட்டைக் காட்டி அதை மீட்டு வந்தவர் கணவர் சீவரத்தினம். ரயர்கள் எரிந்திருந்தன. சீற்றை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சினுக்குள் மணல் இருந்தது. ஆனாலும் அதைத் திருத்தி ஓட வைத்துவிட்டார்கள்.

அவர்களுடைய ஊர் அடம்பனுக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஒன்றின் ஓரமாக இருந்தது. 2010இல் திரும்பி வந்தபோது வயல்களில் பற்றைதான் நின்றது. மெல்ல மெல்ல நெல் வந்தது, மாடுகள் வந்தன. பிறகு அடம்பனில் பால் சேகரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பால் எடுத்துவர ஓர் ஆள் தேவைப்பட்டது. மாடு அறிந்தவர் என்பதால் கலாராணியைக் கேட்டார்கள். சீவரத்தினம் வண்டியை ஓட்ட, கலாராணி பொய்க்காலோடு பின்னால் ஒருக்களித்து இருந்து, பால் கேனைப் பிடித்துக்கொண்டு போனார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. பிறகு சீவரத்தினத்துக்கு மன்னார் வீதி போடும் வேலை கிடைத்தது. விடியமுன்னரே லொறி வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். பால் எடுக்கும் நேரமும் அதுதான்.

"வண்டியை நான் ஓடுறன்," என்றார் கலாராணி.

எம்.டி. 90க்குக் கிளச்சுப் பிடி கிடையாது. ஓடும்போது இடது கைக்கு அவ்வளவாக வேலை இல்லை. கியர் மிதியில் ஓர் இரும்புக் குழாயை ஒட்டுவித்து, அதைக் கையால் அமுக்கிக் கியர் மாற்றினார். பிறேக்குக்கும் உதைத்து எஞ்சினை எழுப்புவதற்கும் வலது கால் இருந்தது. ஓடும்போது அவர் விழவில்லை. நிற்கும்போதுதான் விழுந்தார். பிறேக்கை அழுத்திய காலை எடுத்து நிலத்தில் ஊன்றுவதற்குள் வண்டி இடது பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாம் முறை விழுந்தபோது ஒரு கேன் பால் முழுவதும் மண்ணில் போனது. அதன் பிறகுதான் இரண்டு சக்கரம் போதாது, மூன்று சில்லு வேண்டும் என்ற பேச்சு வந்தது.

அந்த வருடம் காயப்பட்டவர்களுக்கு உதவும் நிறுவனம் ஒன்று, மோட்டார் சைக்கிளின் பின்சில்லுக்கு இரு புறமும் சின்னச் சில்லுகளைப் பூட்டும் ஒரு செற்றை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் வெளிக்கள உத்தியோகத்தர் அன்ரோனெற் மன்னாரைச் சேர்ந்த இளம்பெண். அவரே வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினார்.

"இதைப் பூட்டினா விழவே மாட்டீங்கள் அக்கா. உங்கட பேரைக் குடுத்திட்டன்."

"ஆரும் பூட்டி ஓடுகினமோ? ஒருக்கா ஓடிப் பாத்திட்டுச் சொல்லட்டோ?"

இலவசமாகக் கொடுப்பதை ஓடிப் பார்க்க வேண்டும் என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அன்ரோனெற் சற்று யோசித்துவிட்டு, வங்காலையில் அருளப்பு என்றொருவர் ஓடுகிறார் என்றார்.

அருளப்பு மீன் விற்பவர். சிறுவயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. அவருடைய ஸ்கூட்டருக்குப் பக்கச் சில்லுகள் பூட்டி ஆறு மாதமாகிறது. கலாராணி பஸ்ஸில் வங்காலைக்குப் போய் அவரைக் கண்டுபிடித்தார்.

"ஓடிப் பாக்கப் போறியோ பிள்ளை? ஓடு, ஓடு. மீன் பெட்டியை மட்டும் இறக்கிவிடு."

தார் வீதியில் வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. நின்றபோதும் சாயவில்லை. கலாராணி திரும்பி வந்து கொடுத்திருக்கலாம். கொடுக்காமல், கடற்கரைக்குப் போகும் மண் ஒழுங்கைக்குள் வண்டியை விட்டார். ஒழுங்கையின் நடுவில் ஒரு பள்ளம். இரு பக்கத்துச் சின்னச் சில்லுகளும் பள்ளத்தின் இரு கரைகளிலும் ஏறி நின்றுகொள்ள, நடுவில் இருந்த பின்சில்லு நிலத்தில் படாமல் சும்மா சுற்றியது. எஞ்சின் இரைந்ததே தவிர வண்டி அசையவில்லை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் எழும்பி வந்து தூக்கிவிட்டார்கள்.

அருளப்பு ஊன்றுகோலோடு பின்னால் வந்து சேர்ந்தார். சிரித்தார்.

"நான் தார் றோட்டை விட்டு இறங்கிறேல்லை. ஹோர்ன் அடிச்சா மீன் வேணுமெண்டவை றோட்டுக்கு வருவினம்."

"பால் குடுக்கிறவை வரமாட்டினம் அண்ணை. நான்தான் வாய்க்கால் கட்டால மாட்டுப் பட்டிக்குப் போகோணும்."

"அப்ப உனக்கு இது சரிவராது. தார் றோட்டில ஓடுற எனக்கு இது காணும்," என்று சொல்லிவிட்டு அவர் மீன் பெட்டியைத் திரும்ப ஏற்றினார்.

அடுத்ததாகக் கலாராணி போனது மன்னார் நகரத்துக்கு. சனூன் என்பவர் அங்கே மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடை வைத்திருந்தார். அவரும் திரும்பி வந்தவர்தான். தொண்ணூறில் முஸ்லிம்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் அங்கே இருந்துவிட்டு வந்து கடையைத் திறந்தவர். கலாராணி விசயத்தைச் சொல்லி முடிக்கும்வரை இடையில் பேசாமல் கேட்டார். பிறகு கடையின் பின்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சாக்கு மூடியபடி ஓர் இரும்புச் சட்டம் கிடந்தது. அதன் இரு அந்தத்திலும் இரண்டு சில்லுகள்.

"இது இந்தியாவில இருந்து வந்தது தங்கச்சி. ஓடர் குடுத்தவர் வெளிநாடு போயிட்டார். மோட்டச் சைக்கிளின்ர பின்பக்கத்தை முழுக்கக் கழட்டிப்போட்டு இதை வைக்கோணும். இதில பின்சில்லே ரெண்டு. நடுவில தொங்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

"வளைவில?"

"திரும்பேக்க வெளிப்பக்கச் சில்லு கூடச் சுத்தோணும், உள்பக்கம் குறையச் சுத்தோணும். அதுக்கு அச்சில இருக்கிற இந்த உருண்டைக்குள்ள பல்லுச் சில்லு கிடக்கு. றிவேர்சும் கிடக்கு."

"றிவேர்ஸ் இல்லாததும் வருமோ, சனூன் நானா?"

"வரும். அது பாரம் குறைவு. உங்கட எஞ்சின் சின்னன். வடிவா யோசியுங்கோ. றிவேர்சோட இதை இழுத்தா சைக்கிளிலயும் பாக்கக் கொஞ்சம் கெதியாப் போகும், அவ்வளவுதான். நான் விக்கிறதுக்காகச் சொல்லமாட்டன்."

கலாராணி சட்டத்தின் பக்கத்தில் நிலத்தில் இருந்துவிட்டார். வாய்க்கால் கட்டின் ஒடுங்கிய மண்பாதையை நினைத்துப் பார்த்தார். கட்டின் கடைசியில் இருக்கும் பட்டிக்குப் போனால் வண்டியைத் திருப்ப இடமில்லை. இரண்டு கால் உள்ளவர் இறங்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி வைப்பார். கலாராணியால் அது முடியாது.

"றிவேர்ஸ் வேணும். பால் கலங்காமப் போனாக் காணும், கெதி வேண்டாம்," என்றார். பிறகு தன் ஊன்றுகோலை இரு சில்லுகளுக்கும் குறுக்காக வைத்து, வெளி விளிம்பு வரும் இடத்தில் சோக்கினால் கோடு போட்டார்.

ஊரில் வாய்க்காலைக் கடக்க ஒரு சின்ன மதகுதான் உண்டு. அன்று பின்னேரம் அந்த மதகில் ஊன்றுகோலைக் கிடத்தினார். ஒவ்வொரு பக்கமும் நான்கு விரல் அகலம் மிஞ்சியது.

அன்ரோனெற்றிடம் வேண்டாம் என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. "தாறதை வேண்டாமெண்டா அடுத்த முறை உங்கட பேரை எடுக்கிறது கஷ்டம் அக்கா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அந்தச் செற் முருங்கனில் ஒருவருக்குப் போனது. ஊரில் சிலர் கலாராணிக்கு எடுப்புக் கூடிவிட்டது என்றார்கள். சீவரத்தினமும் கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்.

"சும்மா தந்ததை விட்டிட்டு, கிடேரியை வித்து இரும்பு வாங்கப் போறாய், என்ன?"

"நான் எந்தப் பாதையால போறனெண்டு அவைக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுந்தானே?"

கிடேரியை வாங்க வந்தவரின் லொறியில் அதை ஏற்றிக் கட்டிவிட்டவர் சீவரத்தினம்தான்.

சனூன் பின்பக்கத்தைக் கழற்றிச் சட்டத்தைப் பூட்டி, சங்கிலிப் பல்லுச் சில்லை இழுவைக்குத் தக்கதாக மாற்றிக் கொடுத்தார். வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாளே கலாராணி வெறும் கேன்களோடு வாய்க்கால் கட்டு வழியே புறப்பட்டார். நேர்ப்பாதையில் ஒரு குறையும் இல்லை. முதல் வளைவு வந்தது. பழைய பழக்கத்தில் உடம்பைச் சாய்த்தார். மோட்டார் சைக்கிள் என்றால் உடம்போடு சேர்ந்து திரும்பியிருக்கும். இது சாயவும் இல்லை, திரும்பவும் இல்லை. நேரே வாய்க்காலுக்குள் இறங்கியது.

தண்ணீர் இடுப்பளவுதான். கலாராணி நனைந்ததோடு சரி. ஆனால் பொய்க்காலின் பட்டி கழன்று, கால் தண்ணீரோடு போய்விட்டது. கொஞ்சம் கீழே குளித்துக்கொண்டிருந்த அயல்வீட்டுக் கனகம்மா முதலில் கண்டது அதைத்தான். அவர் அலறினார். பிறகு ஆளை அறிந்துகொண்டு கத்தினார்:

"கலாராணி! உன்ர கால் இஞ்ச வருகுது! நீ எங்கையடி?"

கலாராணிக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீருக்குள் இருந்தபடியே விட்டுவிட்டுச் சிரித்தார். கனகம்மா காலைத் தூக்கிக்கொண்டு கட்டு வழியே ஓடி வந்து சேர்ந்தபோது கலாராணி அழுதுகொண்டிருந்தார். உழவு மெசின்காரர் ஒருவர் கயிறு கட்டி வண்டியை இழுத்தெடுத்தார்.

அன்று பின்னேரம் சீவரத்தினம் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஓடத் தெரிஞ்சவன் ஓடினா ஏன் வாய்க்காலுக்க போகுது," என்று சொல்லிக்கொண்டே ஏறினார். முற்றத்தில் ஒரு சுற்று வருவதாகத்தான் எண்ணம். கிணற்றடி வளைவில் அவரும் உடம்பைச் சாய்த்தார். வண்டி வேலியைப் பிரித்துக்கொண்டு கனகம்மா வீட்டு மரவள்ளிக்குள் போய் நின்றது. அவர் இறங்கி வந்து வேலியின் ஓலைக் கிடுகைத் தூக்கி வைத்தார். அதன் பிறகு வண்டியைப் பற்றிக் குறை சொன்னதில்லை.

அறுவடை முடிந்த வயலில் இருவரும் பழகினார்கள். வேலை முடிந்து வந்து, சாப்பிடாமலே சீவரத்தினம் வண்டியின் பக்கத்தில் ஓடுவார். "உடம்பை விடு! கையைத் திருப்பு! கையை!" என்று கத்துவார். உடம்பு பழையதை மறக்கக் கொஞ்ச நாள் எடுத்தது. அதன் பிறகு கலாராணி தனியாகப் பால் எடுக்கப் போகத் தொடங்கினார். மதகைக் கடக்கும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வாராம்.

அந்த மாரியில் ஒன்று தெரியவந்தது. ஒரு பக்கச் சில்லு சேற்றில் புதைந்தால் எஞ்சினின் இழுவை முழுவதும் அந்தச் சில்லுக்கே போகிறது. காய்ந்த நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லு ஒன்றும் செய்யாமல் நிற்கிறது. பள்ளத்து வயல் பக்கம் இருந்த இரண்டு வீடுகளுக்கு மழை முடியும்வரை வர முடியாது, பாலை மதகடிக்குக் கொண்டுவாருங்கள் என்று கலாராணி சொன்னார். ஒரு வீட்டார் முணுமுணுத்துக்கொண்டு கொண்டுவந்தார்கள். மற்ற வீட்டார் தை பிறக்கும்வரை பால் தரவே இல்லை. கொஞ்சப் பேர் இலவசமாக வந்த செற்றையே எடுத்திருக்கலாம் என்றார்கள். அதில் போயிருந்தால் மதகடி வரைக்கும் வந்திருக்க முடியாது என்று கலாராணி சொல்வார்.

அடுத்த வருடம் சீவரத்தினத்துக்குக் கடும் காய்ச்சல். வேலைக்குப் போனவர் அரைவழியில் திரும்பி வந்து படுத்துவிட்டார். கலாராணி பால் கேன்களை இறக்கிவிட்டு, பின்னால் பலகைத் தட்டில் சாக்கை விரித்து அவரை இருத்தி, அடம்பன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். கட்டின் மேடு பள்ளங்களில் அவர் முனகினார்.

"மெதுவாப் போவன்."

"மெதுவாத்தான் போறன். இதுக்கு மேல மெதுவாப் போனா நிண்டிடும்."

டெங்கு என்றார்கள். ஒரு கிழமை ஆசுபத்திரியில் மறித்து வைத்தார்கள். கலாராணி காலையில் பாலைக் கொடுத்துவிட்டு அப்படியே ஆசுபத்திரிக்குப் போய் அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஏழு நாளில் ஒரு நாளும் பால் தவறவில்லை.

2015இல் சட்டத்தின் பெயாரிங் ஒன்று உடைந்தது. அந்த அளவில் மன்னாரில் இல்லை, வவுனியாவில் இல்லை. இந்தியாவில் அந்தச் செற்றைச் செய்தவர்கள் அதை நிறுத்திவிட்டார்கள் என்று சனூன் விசாரித்துச் சொன்னார். வண்டி மாமரத்தின் கீழ் கல்லில் ஏற்றப்பட்டு நின்றது. அதற்குள் வீதி வேலை முடிந்திருந்ததால், சீவரத்தினம் சைக்கிளில் கொண்டுபோகக்கூடிய அளவு பாலை எடுத்தார். மிச்சம் வீடுகளிலேயே தயிரானது. கலாராணி மாமரத்தடிக்குப் போவதில்லை. வேறு வேலை பார்ப்பதாகவும் காட்டிக்கொள்ளவில்லை. சும்மா இருந்தார்.

பிறகு ஒரு நாள் சனூன் தொலைபேசியில் கூப்பிட்டார். ஓட்டோ ஒன்றின் பெயாரிங்கைக் கடைசல் பட்டறையில் கொடுத்துக் கொஞ்சம் சீவினால் இதற்குள் இறங்கும்போலத் தெரிகிறது, சரிவந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார்.

"சீவுங்கோ நானா," என்றார் கலாராணி.

அது இறங்கியது. ஒரு கீச்சுச் சத்தம் மட்டும் புதிதாக வந்தது. எண்ணெய் விட்டும் போகவில்லை. பால் கொடுக்கும் வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டால் பானையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைக்கு வருகிறார்கள்.