ஆளில்லாத மில்லின் சங்கு

இடைசெவல் கண்ணபிரான் யாரையும் நம்பமாட்டான். கடைக்காரன் தராசிலிருந்து பெண்டாட்டி வைக்கிற குழம்பு வரைக்கும் சந்தேகம்தான். அவன் ஆடுகளோ நூல்மில் சங்கை நம்பின. சாயங்காலம் அது ஊதினால் கரிசல் காட்டில் எங்கே மேய்ந்தாலும் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

மில்லை மூடிக் கரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். ஒரு வாரத்தில் பழையபடி சங்கு ஊதியது. இதில் ஏதோ களவாணித்தனம் இருக்கிறதென்று கண்ணபிரான் மில் கேட்டுக்கே போய்விட்டான். உள்ளே வாட்ச்மேன் இசக்கிதுரை கைப்பிடி வைத்த பழைய சங்கைக் கையால் சுற்றி ஊதிக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஆளில்லாத மில்லுல யாருக்குலே ஊதுத?"

"உம்ம ஆட்டுக்குத்தான் அண்ணாச்சி. மில்லு மூடுன அன்னைக்கு சங்கு கேக்காம ரயில் தண்டவாளத்துக்கே போயிட்டுல்லா."

கண்ணபிரான் வீட்டுக்குத் திரும்பினான். பட்டியை அடைக்கும்போது ஆடுகளை ரெண்டு தடவை எண்ணினான். ஒன்றுகூடக் குறையவில்லை.

அப்போதுதான் அவன் சந்தேகம் உறுதியானது.

"பய பெருசா எதுக்கோ அடிபோடுதான்."