பால் காய்ச்சாத வீடு

அருளப்பு அண்ணையைக் கொன்றது காத்திருப்பு. மாரடைப்பு என்று மருத்துவர் எழுதியிருக்கிறார், எழுதட்டும். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் டென்மார்க்குக்கு அழைக்க விண்ணப்பித்தவரைப் பதிலே சொல்லாமல் வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். மறுக்கவும் இல்லை, விடவும் இல்லை. இறைச்சித் தொழிற்சாலையில் நான் கத்தியோடு நின்றபோது போர்மன் வந்து செய்தியைச் சொன்னான். மெஷினை அவன் நிறுத்தவில்லை.

மன்னார்க்காரரான அண்ணை ஹொல்ஸ்டெப்ரோ நகரத்துக்கு வெளியே, ஆற்றங்கரைப் பழைய கிராமத்தில் வீடு வாங்கியபோது, இங்கேயுள்ள நம்மவர்களே, நீங்கள் சிரித்தீர்கள். "விசரே அண்ணை? நாளைக்குத் திருப்பி அனுப்பினா வீட்டையும் தூக்கிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டவர் உங்களில் ஒருவர்தான். அண்ணை கோபிக்கவில்லை. "அனுப்பிறவன் வந்து கதவைத் தட்டட்டும். தட்டுறதுக்கு முதல்ல எனக்கொரு கதவு வேணுமெல்லோ?"

நாணற்கூரை, சிறிய யன்னல்கள். பழமை மாறாமல் பாதுகாக்கப்பட்ட கிராமம் அது. வீட்டுக் கதவின் திறப்பு கைக்கு வந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு அப்பால் நின்று, இங்கே யன்னலின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது என்றார். டேனிஷில் கதைப்பது என் வேலை. அண்ணை சொன்னார்: "யன்னலை மாத்தேல்லை எண்டு சொல்லு தம்பி. என்ர நிறத்தையும் மாத்தேலாது எண்டு சேர்த்துச் சொல்லு." ஒரு சொல் விடாமல் சொன்னேன். அந்த மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிறகு அண்ணை நம்மவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழையை விட்டார். வாங்கிய வீட்டில் குடிபுகவில்லை. "என்ர மனுசி ரெஜினா வந்து அடுப்பில பால் வைக்கவேணும். அதுக்கு முதல் எப்பிடிக் குடிபோறது?" வேலை முடிந்து போவார், கூட்டுவார், அடுப்பை மூட்டி வீட்டைச் சூடாக்குவார், நகரத்து வாடகை அறைக்குத் திரும்புவார். அங்கே வீட்டைக் குடியில்லாமல் விடக்கூடாது என்று சட்டம் இருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வேலிக்கு அப்பால் இருந்தவருக்குத் தெரியும். அவருடைய மருமகனுக்கு அந்த வீட்டில் ஒரு கண்.

கொம்யூன், அந்த ஊர் நகரசபை, கூப்பிட்டது. குடியிருங்கள், இல்லையென்றால் குடியிருப்பவருக்கு விற்றுவிடுங்கள் என்றார் அதிகாரி. கோப்பியும் தந்தார். அண்ணை கோப்பையைத் தள்ளி வைத்தார். "வீட்டுக்கு ஆள் வேணும் எண்டு இந்த மேசை சொல்லுது. ஆளை விடாமல் கோப்பன்ஹேகன் மேசை சும்மா இருக்குது. ரெண்டும் ஒரே அரசாங்கம்தானே? முதல்ல நீங்கள் கதைச்சு ஒரு முடிவுக்கு வாங்கோ."

அந்த வாரமே குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மெத்தையைப் போட்டுப் படுத்தார். பால் காய்ச்ச வாங்கிய பானை, ஒட்டிய விலைத்தாளோடு ஆணியில் தொங்கியது. தேத்தண்ணிக்குக்கூட அதைத் தொடவில்லை. "நான் குடியிருக்கேல்லை தம்பி, காவல் இருக்கிறன்." அந்த மெத்தையில்தான் இறந்து கிடந்தார்.

கல்லறையில் வைத்த பூ வாடுமுன் வீட்டுத் தரகர் என்னைத் தொலைபேசியில் பிடித்தார். மருமகன் வாங்கத் தயாராம், நல்ல விலையாம். வீட்டுக்காரி இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இப்போது அந்த மெத்தையில் நான் படுக்கிறேன். அவருடைய திறப்பும் அந்தப் பானையும் என்னிடம் இருக்கின்றன. அவருடைய பிடிவாதமும் இருக்கிறது.

போன கிழமை கோப்பன்ஹேகனில் விசா கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனேன். ரெஜினா அக்கா கொழும்பில் ஒரு லொட்ஜில் பிள்ளைகளோடு இருக்கிறா, கணவனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட நீங்கள் விடவில்லை என்றேன். வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்பது உங்கள் சட்டம், அந்த ஆளை உள்ளே விடுங்கள் என்றேன்.

கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர் அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டார்.