மோட்டார் கொட்டகை மேடையில் ஒரு வால்நட்சத்திரம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதம், சீர்காழிக்குப் பக்கத்தில் எங்கள் வயலில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது.

வானத்தைப் படம் பிடிப்பதில் எனக்குப் பைத்தியம். அப்போது பொழுது சாய்ந்ததும் மேற்கே ஒரு வால்நட்சத்திரம் தெரிந்தது. என் அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. போனில் பெரிதாக்கினால்தான் எதுவும் தெரியும். "எனக்கும் அதைக் காட்டுடி" என்று கேட்டிருந்தாள். தினமும் மேகம். அன்று ஒரு நாள்தான் மேகம் விலகியது, மறுநாளிலிருந்து மழை என்றார்கள்.

வானம் நகர நகர, கேமராவை மெல்லத் திருப்பிக் கொடுப்பது மவுண்ட். அதை ஆடாமல் வைத்து, துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். வயலெல்லாம் நடவுச் சேறு. என் வீட்டுக்காரர் சரியான அவசரக் குடுக்கை.

"மோட்டார் கொட்டகை வாசல் மேடை கல்லு மாதிரி இருக்கு. வச்சுட்டு வேலையைப் பாரு."

"கரண்ட் வந்தா மோட்டார் ஓடுமேங்க?"

"இந்நேரத்துக்கு எந்தக் கரண்ட் வருது!"

எல்லாம் நேராக்கி நிமிர்ந்தேன். வந்தது த்ரீ ஃபேஸ் கரண்ட்! ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார் தானாக உறுமியது. மேடை கிடுகிடுவென்று அதிர்ந்தது. படத்தில் வால்நட்சத்திரம் புழுவாக நெளிந்தது. உள்ளே போய் மோட்டாரை நிறுத்தலாமென்றால் கொட்டகையோ பூட்டிக் கிடந்தது. சாவி கொழுந்தனார் இடுப்பில், கொழுந்தனார் திருக்கடையூரில் யாருக்கோ நடந்த அறுபதாம் கல்யாணத்தில்! இடம் மாற்றி மறுபடி நேராக்குவதற்குள் வால்நட்சத்திரம் தென்னந்தோப்புக்குள் இறங்கிவிடும்.

"நல்லா வந்து வாச்சீங்க எனக்கு!" என்று கத்தினேன்.

"கொஞ்சம் ஆடுனா என்ன, அழகாத்தானே இருக்கு" என்றார் மனுஷன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பட்டென்று கரண்ட் போனது. பிறந்ததிலிருந்து திட்டித் தீர்த்த மின்வெட்டை அன்று கையெடுத்துக் கும்பிட்டேன். தோப்பில் மறைவதற்குள் இரண்டே படம் எடுத்தேன்.

"பார்த்தியா, நான் சொல்லலை?" என்றார். என்னத்தைச் சொன்னாரோ!

மறுநாள் கொட்டும் மழையில் அக்கா வீட்டுக்குப் போனேன். போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். "வால் மேல பார்த்துப் போகுதுடி" என்று விரலால் கோடு இழுத்தாள்.

இப்போது அவளுக்குப் போன் வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. ஆனாலும் யாராவது கேட்டால் அந்த வாலை அப்படியே இழுத்துக் காட்டுகிறாள். அன்று கரண்ட் போகாமலிருந்தால் அதுகூட அவளுக்குக் கிடைத்திருக்காது. வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், பக்கத்தில் மோட்டார் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்து, தரை அதிர்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் நான் மவுண்ட்டை இறக்குவதே இல்லை.