இடது பக்கத்துக் குட்டி மேசை

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். பீடோங்கிலிருந்து மகேஸ்வரி அக்காவின் மகள் அழைத்தாள். "அம்மா போயிட்டாங்க, ஆண்ட்டி." தீக்குச்சி விரலைச் சுட்ட பிறகுதான் கையை உதறினேன்.

நம் கோயில் மாதர் குழுவில் அக்காவை அறியாதவர் இல்லை. அவர் வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தக் குட்டி மேசைகளையும் தெரியும். வாசலில் சாவிக்கு ஒன்று, சன்னலோரம் மூக்குக்கண்ணாடிக்கு ஒன்று, சாமி அறையில் உட்கார்ந்து பூத்தொடுக்க முழங்கால் உயரத்தில் ஒன்று. காலில் இடிக்கும் இடத்தில் ஒன்றுகூட இருக்காது. "அழகுக்குன்னு வாங்காதே. கை நீட்டுற இடத்துல இருந்தா அதுவே அழகுதான்" என்பார்.

கடைக்கு அவருடன் போனால் நமக்குத்தான் வெட்கம். நாற்காலியில் அமர்ந்து, கண்ணை மூடி, கையை நீட்டி நீட்டிப் பார்ப்பார். "அக்கா, மேசை வாங்க வந்தீங்களா, தூங்க வந்தீங்களா?" என்று ஒரு முறை கேலி செய்தார் எஸ்டேட்டுத் தமிழ் பேசும் கடை முதலாளி, சீன தவுக்கே. "தூக்கக் கலக்கத்துல தண்ணி எடுத்தா கொட்டாம இருக்கணும் லா" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனபோது, அவர் நாற்காலியின் உயரத்தை அளந்து கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டு போய் ஒரு மேசை வாங்கினேன். அதை வலது பக்கம் வைத்தேன். சோற்றை இடது பக்கம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரும் இடது கையால் எதையும் வாயில் வைக்க மாட்டார். நான் ஊட்டினால் இரண்டு வாய்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆள் பாதியாகிவிட்டார்.

ஒரு நாள் அக்கா வந்தார். என் கணவர் உள்ளே படுத்திருந்தார். காலியாக இருந்த அந்த நாற்காலியில் அக்கா அமர்ந்து, வலது கையை மடியில் போட்டு, கண்ணை மூடினார்.

"ஏம்மா, இங்க உட்கார்றது அண்ணனா, நீயா?"

எழுந்து மேசையைத் தூக்கி இடது பக்கம் வைத்தார்.

"அக்கா, இடது கையாலயா? சாமி குத்தம்!"

"சாமி மிச்சம் விட்டு வச்சது இந்தக் கைதானே? அதையும் வேணாங்கிறியா?"

இத்தனை வருடம் பதிகம் பாடிய நான், உள்ளே போய் இரண்டு கோப்பைத் தேநீர் போட்டு வந்தேன்.

என் கணவரை அழைத்து வந்து உட்கார வைத்தோம். அக்கா தன் தேநீரையும் இடது கையில் எடுத்தார். "அண்ணே, யாரு முதல்ல சிந்துறாங்கன்னு பாப்போம்." மறு நொடியே சேலையில் கொட்டிக்கொண்டார். "போச்சு, நான் தோத்துட்டேன்!" என் கணவர் சிரித்தார். சிரித்தபடியே இடது கையால் கோப்பையை எடுத்துக் குடித்தார். கருவறைத் திரை விலகியதுபோல நான் கைகூப்பி நின்றேன்.

அதன் பிறகு எப்போது வந்தாலும், எங்கள் வீட்டில் அக்கா இடது கையால்தான் தேநீர் குடித்தார். ஒரு முறைகூட மாற்றவில்லை.

இறுதிச் சடங்கில் என் கணவர் இடது கையால் அக்காவின் காலடியில் பூ வைத்தார். "வலது கையால..." என்று யாரோ தொடங்கினார்கள். "தங்கச்சிக்கு இந்தக் கைதான் பழக்கம்" என்றார் அவர்.

இப்போது விருந்தாளிக்கு நாற்காலி போட்டால், முதலில் நான் அதில் அமர்ந்து கையை நீட்டிப் பார்க்கிறேன். மாலைத் தேநீரை அவருடன் இடது கையால் குடிக்கிறேன். எனக்கு இன்னும் சிந்துகிறது.