தலைக்கு வைத்த கரண்டு

அன்று காலை தோட்டத்துக்குப் போகும்போதே தலையின் இடப்பக்கம் வலித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். கூடலூருக்கு வெளியே எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அதற்குள் நடந்தபோது பார்வையின் வலது ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு நெளிந்து நெளிந்து ஓடியது. கண்ணைக் கசக்கிவிட்டு இரண்டடி வைத்தேன். வலது தோள் பந்தலைத் தாங்கும் கல்லுக்காலில் நன்றாக இடித்துக்கொண்டது.

"கண்ண எங்க வச்சிட்டு நடக்குற?" என்றார் கணவர்.

அந்த நேரம் பார்த்துக் குமுளியிலிருந்து பழ வியாபாரி போன் செய்தார். நாளைக்கு வெட்டுவீர்களா என்று கேட்டார். நாளைக்குப் பழம் வெட்டுகிறோம் என்றுதான் சொல்ல நினைத்தேன்.

"ஆமா, நாளைக்குச் செருப்பு வெட்டுறோம்."

அவர் சிரித்தார். "எந்தா சேச்சி, செருப்போ?"

தவறு எனக்கே கேட்டது. திருத்திச் சொன்னேன், மறுபடியும் செருப்புதான் வந்தது. அடுத்த முறை அதுவும் வரவில்லை. கணவர் போனை வாங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஏ புள்ள, என்ன செய்யுது?" எனக்கு எல்லாம் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் அர்த்தமில்லாத ஓசைதான் வந்தது.

பக்கவாதமாக இருக்கும் என்று முதலில் பார்த்தவர்கள் சொன்னார்கள். தேனியில் ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர் எங்களுக்கு உட்கார இடம் காட்டிவிட்டுச் சொன்னார்: பழைய கட்டி இருந்த இடத்தைச் சுற்றி வீங்கியிருக்கிறது, கட்டி திரும்ப வந்திருக்கலாம், மண்டையைத் திறந்து பார்க்க வேண்டிவரும்.

பழைய கட்டி நான் பெரியகுளத்தில் கல்லூரியில் படிக்கும்போது வந்தது. மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பிறகு தலைக்குக் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முகத்துக்கென்றே அச்செடுத்த வலை போன்ற ஒரு முகமூடியை மாட்டி, மேஜையோடு சேர்த்து இறுக்குவார்கள். வலி எதுவும் இருக்காது. அசையக் கூடாது, அவ்வளவுதான். வாரக்கணக்கில் போய் வந்தேன். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றே நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. மகள் பிறந்து, அவளும் கல்லூரிக்குப் போய்விட்டாள். வருடா வருடம் போய்க்கொண்டிருந்த பரிசோதனைகூட எப்போதோ நின்றுபோயிருந்தது.

திறப்பதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று மகள் பிடிவாதமாக நின்றாள். மதுரைக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் அம்மா படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்தார். இடது காதுக்கு மேலே முடியை விலக்கினார். அங்கே கரண்டு பட்ட இடத்தில் முடி திரும்ப முளைக்கவே இல்லை.

"ரேடியேஷன் குடுத்து எத்தன வருஷமாச்சு?"

"எங்க கல்யாணத்துக்கும் முந்திங்க" என்றார் கணவர்.

பிறகுதான் படத்தை விளக்கில் மாட்டினார். வெகுநேரம் பார்த்தார். தலைவலி முதலில் வந்ததா, பேச்சு முதலில் போனதா, வெளிச்சம் எந்தப் பக்கம் தெரிந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கணவர் பதில் சொன்னார், வெளிச்சம் தெரிந்த பக்கத்தை நான் கையால் காட்டினேன். "கட்டியா இருந்தா படம் வேற மாதிரி இருக்கும். இது மூளையோட மேல் மடிப்புல மட்டும் ரிப்பன் மாதிரி தெரியுது. ரேடியேஷன் வாங்கினவங்கள்ல சிலருக்கு ரொம்ப வருஷம் கழிச்சு இப்படி வரும். பெரும்பாலும் தானா இறங்கிடும்."

"அன்னைக்கு வச்ச கரண்டு இன்னைக்கா வேல செய்யும்?" என்றார் கணவர்.

"அது அன்னைக்கே வேலய முடிச்சிருச்சு. ரத்தக்குழாய்லயும் நரம்புலயும் விட்டுட்டுப் போன தழும்பு இப்பத் தெரியுது. நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப மண்டையத் திறந்தா நல்லதவிடக் கெடுதல்தான் அதிகம். வலிப்பு வராம மருந்து தர்றேன். சில வாரம் பொறுத்து மறுபடி படம் எடுப்போம்."

வெளியே வந்ததும் கணவர் என்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தேனியில தொறக்கணும்னு சொல்றாக. இவுக பொறுக்கச் சொல்றாக. ஒந்தல, நீ சொல்லு. ஆபரேஷன் வேணுமா?"

தலையை ஆட்டி மறுத்தேன். வாய் "ஆமா" என்றது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. எதை நம்புவார்? இரண்டு கையையும் நீட்டினார். "இந்தக் கையப் புடிச்சா ஆபரேஷன். இதப் புடிச்சா பொறுக்குறோம்."

எனக்கு ஒரு கைதான் தெரிந்தது. ஆபரேஷன் கை. இன்னொன்றைத் தேடினேன். அவர் கை காத்துக்கொண்டே இருந்தது. எதையாவது பிடித்தாக வேண்டும் போல இருந்தது. என் கை அந்தத் தெரிந்த கையை நோக்கிப் போனது.

"அப்பா, நில்லுங்க" என்றாள் மகள். "வலது பக்கம் நீட்டுனா அம்மாவுக்குத் தெரியலப்பா. காலையிலேருந்து தட்டுல அந்தப் பக்கம் இருக்குறத அவங்க தொடவே இல்ல."

அவர் எழுந்து என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தார். ஒரே கையை நீட்டி, "பொறுக்கலாமா?" என்றார். அந்தக் கையைப் பிடித்தேன், விடவில்லை.

அந்த வாரங்கள் லேசானவை அல்ல. கட்டி உள்ளே வளர்ந்துகொண்டிருந்தால் என்ற பயம் மூன்று பேருக்கும் இருந்தது. எனக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது "உப்பு" என்றேன். குழம்பில் உண்மையாகவே உப்பு இல்லை. உப்பு எடுக்க அடுப்படிக்குப் போன மகள் வெகுநேரம் வரவில்லை. அதன் பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின, ஊர்ப் பெயர்கள் கடைசியாக. அடுத்த படத்தில் வீக்கம் வடிந்திருந்தது.

வலது ஓரத்தில் ஒரு மங்கல் மட்டும் தங்கிவிட்டது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். அந்தக் கரண்டு மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், நிலைக்கவில்லை. அது இல்லாவிட்டால் இந்த மகள் ஏது? ஆனால் அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். பின்னாளில் பேச்சோ நடையோ ஞாபகமோ மாறினால் இதையும் நினைத்துக்கொள் என்று. இப்போது பல் வலி என்று டாக்டரிடம் போனாலும், தலைக்குக் கரண்டு வைத்ததைத்தான் முதலில் சொல்கிறேன்.

கொஞ்ச நாளாக, பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேச வந்தேன் என்பது மறந்துபோகிறது. "வயசாயிருச்சு, எனக்குந்தான் மறக்குது" என்கிறார் கணவர். இருக்கலாம். இருந்தாலும் மதுரை டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். வரும் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.